விதிமுறைத் தாளோடு ஒரு டெம்ப்ளேட் கோப்பும் கொடுங்கள்

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுகளில் ஆய்வேட்டின் வடிவ விதிகளை வகுப்போருக்கும், சமர்ப்பிக்க வரும் ஆய்வேடுகளைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வோருக்கும்,

வணக்கம்.

ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய வேர்ட் கோப்பைச் சீர்செய்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு கோப்பைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

312 பக்கம். ஐந்து இயல்கள், 47 அட்டவணைகள், 20 படங்கள். ஆய்வேடு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. இடதுபக்க மார்ஜின் 1.25 அங்குலம்தான் இருக்கிறது, 1.5 இருக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். குறித்தது சரிதான். பைண்டிங் செய்யும்போது இடது ஓரத்தில் ஒரு பகுதி தையலுக்குள் போய்விடும். அந்த இடம் வேண்டும். திருத்த வேண்டியது கால் அங்குலம். அதற்காக அந்த ஆய்வாளர் மூன்று இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை என்னிடம் வந்தபோது கோப்பு முன்பைவிட மோசமாக இருந்தது.

கோப்பைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அப்படி அழுத்தினால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத குறிகளை வேர்ட் காட்டும். ஸ்பேஸ் அடித்த இடமெல்லாம் ஒரு சிறு புள்ளி, டேப் அடித்த இடமெல்லாம் ஒரு அம்புக்குறி, என்டர் அடித்த இடமெல்லாம் ஒரு பத்திக்குறி. இரண்டாம் இயலின் தலைப்பு பக்கத்தின் நடுவில் இருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவர அவர் 31 முறை ஸ்பேஸ் அடித்திருந்தார். முதல் இயல் முடிந்த இடத்திலிருந்து இரண்டாம் இயலை அடுத்த பக்கத்துக்குத் தள்ள 19 முறை என்டர் அடித்திருந்தார். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையே முற்றுப்புள்ளிகளைக் கையாலேயே வரிசையாக வைத்திருந்தார். 'அட்டவணை 4.3ஐக் காண்க' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த 4.3 வெறுமனே டைப் செய்த எண்.

மார்ஜினைக் கால் அங்குலம் கூட்டியதும் ஒவ்வொரு வரியின் நீளமும் குறைந்தது. அதனால் ஒவ்வொரு பத்தியும் ஓரிரு வரி கீழே இறங்கியது. முன்பு அடித்து வைத்த 19 என்டரும் அப்படியே இருக்க, இயல் தலைப்பு பக்கத்தின் பாதியில் போய் நின்றது. அதைச் சரிசெய்தால் மூன்றாம் இயல் நகர்ந்தது. மூன்றைச் சரிசெய்தால் நான்கு. கடைசியில் பொருளடக்கத்தின் ஒவ்வொரு எண்ணையும், அட்டவணைப் பட்டியலின் 47 எண்களையும், படப் பட்டியலின் 20 எண்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். அப்படியும் ஓரிடத்தில் பட்டியல் 187 என்று சொல்ல, அட்டவணை 191ஆம் பக்கத்தில் இருந்தது.

அவர் சோம்பேறி இல்லை. கணினி தெரியாதவரும் இல்லை. தன் ஆய்வுக்கான புள்ளியியல் கணக்கையெல்லாம் தானே மென்பொருளில் போட்டவர். வேர்டில் தலைப்புக்கு ஒரு ஸ்டைல் உண்டு, அதைக் கொடுத்துவிட்டால் பொருளடக்கம் தானாக வரும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. அவர் கையில் இருந்த 14 பக்க விதிமுறைத் தாளும் சொல்லவில்லை.

அந்தத் தாளை முழுக்கப் படித்தேன். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. இடது மார்ஜின் 1.5 அங்குலம், மற்ற மூன்றும் 1 அங்குலம். உரையின் எழுத்தளவு 12 புள்ளி, வரிக்கு வரி இரட்டை இடைவெளி. இயல் தலைப்பு 16 புள்ளி, தடித்த எழுத்து, நடுவில். சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் ஆகிய முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண். முதல் இயலிலிருந்து 1, 2, 3. அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. எல்லாம் தெளிவாகவும் நியாயமாகவும் இருந்தது. இந்த விதிகளில் ஒன்றைக்கூட மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஆனால் இவை எல்லாமே தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்கின்றன. டைப்ரைட்டரில் அடித்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அப்போது தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்று ஆய்வாளர் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு கோப்போடு வாழ்கிறார். தாள் கடைசி வாரத்தில்தான் வருகிறது. அந்தக் கோப்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிகூட அந்த 14 பக்கங்களில் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். விதிமுறைத் தாளைக் கொடுக்கும்போது, அந்த விதிகள் எல்லாவற்றையும் ஸ்டைல்களாக உள்ளே வைத்த ஒரு டெம்ப்ளேட் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் கொடுத்தால் பயனில்லை. பதிவு செய்த முதல் வாரத்திலேயே கொடுங்கள்.

ஸ்டைல் என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பத்திக்கு நாம் வைக்கும் பெயர் அது. இது இயல் தலைப்பு, இது உட்தலைப்பு, இது உரை, இது மேற்கோள், இது அட்டவணைத் தலைப்பு என்று ஒவ்வொரு பத்திக்கும் பெயர் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெயருக்கு என்ன எழுத்துரு, என்ன அளவு, மேலே கீழே எவ்வளவு இடைவெளி என்பதை ஓரிடத்தில் ஒரே ஒரு முறை எழுதி வைக்கிறோம். நாளைக்கு இயல் தலைப்பை 16 புள்ளியிலிருந்து 14 ஆக்கச் சொன்னால், அந்த ஓரிடத்தில் மாற்றினால் போதும். எல்லா இயல் தலைப்பும் மாறிவிடும். இயல் எப்போதும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் அந்தத் தலைப்பு ஸ்டைலுக்குள்ளேயே எழுதிவிடலாம். பிறகு 19 என்டருக்கு வேலையே இல்லை.

இது நேற்று வந்த புதுமையும் இல்லை. எழுதுவதையும் வடிவமைப்பதையும் பிரித்து வைக்கும் ஸ்க்ரைப் என்ற அமைப்பை பிரையன் ரீட் 1980 வாக்கில் தன் முனைவர் பட்ட ஆய்வாகவே செய்தார். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக் இரண்டும் கணிதம், இயற்பியல் துறைகளில் நாற்பது ஆண்டுகளாகப் புழங்குகின்றன. அந்தத் துறை மாணவர்களுக்கு ஆய்வேட்டின் வடிவ விதிகளை உள்ளே வைத்த லேடெக் கிளாஸ் கோப்பு மூத்த மாணவர் கையிலிருந்து இளைய மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. மார்ஜின், பக்க எண், பொருளடக்கம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. இலக்கியம், வரலாறு, சமூகவியல், கல்வியியல், மேலாண்மை என்று வேர்டிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ எழுதுகிறவர்களுக்கும் அதே வசதி அவர்களுடைய மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

டெம்ப்ளேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் தலைப்புகள். வேர்ட் தன்னிடம் ஏற்கெனவே வைத்திருக்கும் ஹெடிங் 1, ஹெடிங் 2, ஹெடிங் 3 ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். 'இயல் தலைப்பு' என்று புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம். பொருளடக்கம், தலைப்புகளை வரிசையாகக் காட்டி இடப்பக்கம் திறக்கும் நேவிகேஷன் பலகை, பிடிஎஃப் புக்மார்க் எல்லாமே முதலில் தேடுவது அந்தப் பெயர்களைத்தான். தோற்றத்தை உங்கள் விதிப்படி மாற்றிக்கொள்ளலாம். எண்ணிடுவதற்குப் பலநிலைப் பட்டியல் ஒன்றை அமைத்து, அதன் ஒவ்வொரு நிலையையும் ஒரு ஹெடிங்கோடு இணைத்துவிடுங்கள். அப்போது 3, 3.1, 3.1.2 என்பவை தாமாக வரும். மூன்றாம் இயலுக்குள் ஓர் உட்தலைப்பை நடுவில் நுழைத்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் தாமாக நகரும். நெறியாளர் இயல்களின் வரிசையை மாற்றச் சொன்னால் நேவிகேஷன் பலகையில் ஓர் இயலைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விட்டால் போதும். அதற்குள் இருக்கும் உரை, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் கூடவே வரும். இதை முதன்முறை பார்க்கும் ஆய்வாளர்கள் என் பக்கத்திலேயே பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அழுதே விட்டார். அவர் தன் ஆய்வேட்டின் இயல் வரிசையை இரண்டு முறை கையால் மாற்றியவர்.

அடுத்தது பக்க எண். ஆய்வாளர்களை இதைப்போல் வதைக்கும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. முன்பக்கங்களில் ரோமன் எண், முதல் இயலில் 1 என்று தொடங்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே வெறும் பேஜ் பிரேக் போதாது. கோப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக் வேண்டும். அதோடு, இரண்டாவது செக்‌ஷனின் அடிப்பகுதியைத் திறந்து, 'முந்தையதோடு இணைப்பு' என்று ஒளிர்ந்துகொண்டிருக்கும் பொத்தானை அணைக்க வேண்டும். பிறகுதான் எண்ணின் வடிவத்தை மாற்றி 1இலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். பொத்தானை அணைக்காமல் இரண்டாம் பகுதியின் பக்க எண்ணை அழித்துவிட்டு வேறு ஏதேனும் வைத்தால், முன்பக்கத்தில் இருப்பதும் சேர்ந்தே மாறிவிடும். முன்பக்கத்தைச் சரிசெய்தால் இயல் கெடும், இயலைச் சரிசெய்தால் முன்பக்கம் கெடும். இப்படி மாறி மாறி நடுராத்திரி வரை போராடி, கடைசியில் முன்பக்கங்களைத் தனிக் கோப்பாகவும் இயல்களை வேறு கோப்பாகவும் வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கோப்பு இரண்டானதும் பொருளடக்கம் தானாக வரும் வழி அடைபட்டுப் போகிறது. நீங்கள் டெம்ப்ளேட்டில் இந்த இரண்டு செக்‌ஷனையும் ஒருமுறை சரியாக அமைத்து வைத்தால், உங்களிடம் வரும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் இரவு மிச்சம். அகலமான அட்டவணைக்காகத் தாளைக் குறுக்கே திருப்பும் பக்கத்துக்கும் இதே கதைதான். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு செக்‌ஷன் பிரேக் வேண்டும். அதற்கும் ஒரு மாதிரிப் பக்கத்தை டெம்ப்ளேட்டின் கடைசியில் வைத்துவிடுங்கள்.

அட்டவணைக்கும் படத்துக்கும் எண் வைப்பதில் பெரும்பாலோர் அறியாத ஒரு வசதி இருக்கிறது. ரெஃபரன்ஸ் பட்டையில் கேப்ஷன் என்பதை அழுத்தினால் எண் தானாக வரும். 'டேபிள்', 'ஃபிகர்' என்று ஆங்கிலத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை. நியூ லேபிள் என்பதைத் தட்டி 'அட்டவணை', 'படம்' என்று நாமே பெயர் வைக்கலாம். இயல் எண்ணையும் சேர்க்கச் சொன்னால் 'படம் 3.2' என்று வரும். ஆனால் ஹெடிங் 1க்கு எண் இணைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். உரைக்குள் 'படம் 3.2ஐக் காண்க' என்று எழுதும் இடத்தில் எண்ணை டைப் செய்யாமல் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாக அந்தப் படத்தையே சுட்டிவிட வேண்டும். பிறகு நடுவில் ஒரு படம் சேர்ந்தாலும் போனாலும், கன்ட்ரோல் ஏ அழுத்தி முழு உரையையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் சுட்டிய இடமெல்லாம் புது எண்ணுக்கு மாறும். சுட்டிய படத்தையே நீக்கியிருந்தால் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அதைக் கண்டு ஆய்வாளர்கள் பதறுகிறார்கள். உண்மையில் அது பெரிய உதவி. கையால் அடித்திருந்தால் இல்லாத படத்தைக் காணச் சொல்லும் அந்த வரி தேர்வாளர் கண்ணில் படும்வரை யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

தமிழாய்வு, வரலாறு போன்ற துறைகளில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் 'சான்றெண் விளக்கம்' கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒவ்வோர் இயலிலும் எண் 1இலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் விதி. இதற்காகவே பல ஆய்வாளர்கள் எண்களை மேலேற்றிய சிறு எழுத்தாகக் கையால் அடிக்கிறார்கள். 60ஆம் குறிப்புக்கு முன்னால் ஒரு குறிப்பைச் சேர்க்க நேர்ந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே தவறு. எண்ட்நோட் என்ற வசதியில் 'செக்‌ஷன் முடிவில் வை', 'ஒவ்வொரு செக்‌ஷனிலும் எண்ணைப் புதிதாகத் தொடங்கு' என்ற இரண்டு தேர்வுகளும் இருக்கின்றன. இயல்கள் தனித்தனி செக்‌ஷனாக இருந்தால் வேலை முடிந்தது. கேட்டவுடனே 'இதெல்லாம் முன்பே தெரியாமல் போயிற்றே' என்று சொல்லாதவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தமிழில் எழுதும் ஆய்வேடுகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. இவற்றை டெம்ப்ளேட் செய்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழ் போன்ற கூட்டெழுத்து மொழிகளுக்கு இன்னோர் எழுத்துருவும் அளவுமாக இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸிலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் 12 என்று வைத்துவிட்டு இன்னொன்றை மறந்தால், ஒரே வரியில் ஆங்கிலம் ஓர் அளவிலும் தமிழ் வேறோர் அளவிலும் வரும். ஆய்வாளர் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து அளவை மாற்றிக்கொண்டிருப்பார். டெம்ப்ளேட்டில் இரண்டையும் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை முளைக்கவே முளைக்காது. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் கூடுதலாக வேண்டும் என்பதால், வரி இடைவெளியை 'இத்தனை புள்ளிதான்' என்று கறாராக வைக்கும்போது ஒருமுறை அச்செடுத்துப் பாருங்கள். 'கீ' போன்ற எழுத்துகளின் மேற்சுழி வெட்டுப்பட்டு நிற்கும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோட். தமிழ் 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. அப்படியிருந்தும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கோப்புகள் இன்றும் என்னிடம் வருகின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகள். அதற்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்த மறுநொடியே எழுத்துரு மாறி, தலைப்பு முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஸ்டைல் போட்டால் கோப்பு கெட்டுவிடும் என்ற அச்சம் தமிழ்த் துறை ஆய்வாளர்களிடம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உண்மையில் கெடுவது அந்தப் பழைய எழுத்துருவால். யூனிகோடில் மட்டுமே எழுத வேண்டும் என்று உங்கள் விதியில் ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே எழுதியதை மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் விதத்தையும் கூடவே சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் தரப்பில் எழக்கூடிய ஒரு கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்க வருகிறவர் ஒரு மென்பொருளைத் தானாகக் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும். கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள், கடைசி மாதத்தில், யார் யாரையோ கேட்டு, ஆளுக்கொரு விதமாக. விதி உங்களுடையது. அது எல்லாருக்கும் ஒன்று. ஒரே விதியை ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியாகக் கோப்புக்குள் கட்டியெழுப்ப வேண்டும் என்பதில் கல்வி எதுவும் இல்லை. ஆய்வுக்குச் செலவாக வேண்டிய இரவுகள்தான் அதில் போகின்றன. வசதி உள்ளவர் காசு கொடுத்து டைப் செய்யும் இடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். இல்லாதவர் தானே உட்கார்ந்து புள்ளி வைக்கிறார்.

வேர்டில் செய்த டெம்ப்ளேட் வேறு மென்பொருளில் கலைந்துவிடுமே என்ற தயக்கம் நியாயமானது. வேர்டின் டாக்எக்ஸ் வடிவம் 2008இலும், லிப்ரே ஆபீஸின் ஓடிஎஃப் வடிவம் 2006இலும் உலகத் தர நிர்ணய நிறுவனமான ஐஎஸ்ஓவின் ஏற்பைப் பெற்றவை. ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சில இடங்கள் நகரத்தான் செய்யும். எனவே இரண்டு டெம்ப்ளேட் செய்யுங்கள்: வேர்டுக்கு ஒன்று, ரைட்டருக்கு ஒன்று. மேக்ரோ எனப்படும் தானியங்கிக் கட்டளைகள் எதுவும் உள்ளே வேண்டாம். மேக்ரோ இருந்தால் பாதி கணினிகள் எச்சரிக்கை காட்டும். ஆய்வாளர் பயந்து மூடிவிடுவார்.

நெறியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. மாணவர் ஒழுங்காக ஸ்டைல் வைத்து எழுதிய இயலை நெறியாளர் வாங்கி, தன் பழைய கட்டுரையிலிருந்து இரண்டு பத்தியை அப்படியே வெட்டி ஒட்டித் திருப்பி அனுப்புகிறார். அந்தப் பத்தியோடு அதன் ஸ்டைல்களும் கோப்புக்குள் நுழைந்துவிடுகின்றன. ஒட்டும்போது 'உரையை மட்டும்' என்ற தேர்வை எடுத்தால் போதும். தெரியாமல் நுழைந்துவிட்டாலும், அந்தப் பத்திக்கு உரிய ஸ்டைலை மறுபடி கொடுத்து, கன்ட்ரோல் க்யூவும் கன்ட்ரோல் ஸ்பேஸும் அழுத்தினால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அலங்காரம் எல்லாம் போய்விடும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அடிக்குறிப்பின் எண், சாய்வெழுத்து நூற்பெயர் இவற்றையும் கன்ட்ரோல் ஸ்பேஸ் தட்டையாக்கிவிடும். பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரோடு சில மாதங்கள் வேலை செய்தேன். அவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் படிப்பார். தன் துறையில் முன்பே வந்த ஆய்வேடுகளைப் படித்தாக வேண்டும் அவருக்கு. ஒழுங்கான ஹெடிங் உள்ள கோப்பில் எச் விசையைத் தட்டத் தட்ட, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிக்கொண்டே போவார். '1' தட்டினால் இயல்கள் மட்டும், '2' தட்டினால் அடுத்த நிலைத் தலைப்புகள். ஒரு நிமிடத்தில் ஆய்வேட்டின் எலும்புக்கூடு முழுவதும் அவருக்குப் பிடிபட்டுவிடும். பிறகு வேண்டிய இடத்தில் நின்று படிப்பார். ஹெடிங் இல்லாமல் வெறுமனே பெரிதாக்கித் தடிப்பாக்கிய தலைப்புகள் உள்ள கோப்பைக் கொடுத்தேன். எச் தட்டினார். 'அடுத்த தலைப்பு இல்லை' என்ற பொருளில் ஒரு குரல் வந்தது. திரும்பத் தட்டினார். அதே குரல். 280 பக்கத்தில் ஒரு தலைப்புகூட இல்லை என்று மென்பொருள் அவருக்குச் சொன்னது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுக்கொண்டே போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. நம் கண்ணுக்கு அந்த ஆய்வேடு அப்பழுக்கில்லாமல் இருந்தது. உங்கள் அலுவலகத்தின் அளவுகோலுக்கும் அது தேறியிருந்தது.

பிடிஎஃப் ஆக்கும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். வேர்டில் 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தால் பக்கத்தின் படம் மட்டும் போல வரும். தலைப்புகளின் கட்டமைப்பு போய்விடும். 'சேவ் ஆஸ்' வழியாகச் சென்று, ஹெடிங்கிலிருந்து புக்மார்க் உருவாக்கு என்ற தேர்வையும் டிக் செய்தால் அது தங்கும். நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ தரம் 2005இலும், எல்லாரும் அணுகத்தக்க பிடிஎஃப்/யூஏ தரம் 2012இலும் வந்துவிட்டன. உங்கள் மின்காப்பகத்துக்கு வரும் கோப்பில் இவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சரிபார்க்கும் மேசையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சிட்ட தாளின்மேல் அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், கோப்பை வாங்கித் திறந்து நேவிகேஷன் பலகையைப் பாருங்கள். இயல்களும் உட்தலைப்புகளும் அங்கே வரிசையாகத் தெரிந்தால் அந்தக் கோப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். பொருளடக்கத்தின்மேல் க்ளிக் செய்து எஃப்9 தட்டுங்கள். பட்டியலைப் புதுப்பிக்கவா என்று வேர்ட் கேட்டு, புதுப்பித்த பிறகும் எண்கள் மாறாமல் அப்படியே நின்றால் பட்டியல் சரி. கேட்கவே இல்லையென்றால் அது கையால் அடித்த பட்டியல். பத்திக்குறிகளை ஒருமுறை காட்டச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே மார்ஜினை வேர்ட் ஓர் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது: ஓர் அங்குலத்துக்கு 1440 என்ற கணக்கில், 1.5 அங்குலம் என்றால் 2160. உங்கள் கணினிப் பிரிவில் உள்ள ஒருவர் எழுதும் சிறு நிரல் இதையெல்லாம் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடும். அச்சுப்பொறி கொஞ்சம் இழுத்துவிட்டதற்காக ஆய்வாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

விதிகள் மாறும்போது டெம்ப்ளேட்டையும் மாற்றுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டைப் போட்டு வையுங்கள். பழைய டெம்ப்ளேட்டில் பாதி எழுதியவர் அதிலேயே முடிக்கலாம் என்றும் எழுதி வையுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்; சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஆய்வாளருக்குத் தெரிய வேண்டும். முதலாண்டு ஆய்வாளர்களுக்கு அரை நாள் பயிற்சி வையுங்கள். மேடையில் ஸ்லைடு காட்டுவதைவிட, அவரவர் மடிக்கணினியில் பத்துப் பக்கம் எழுதிய ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்து, ஸ்டைல் போட்டுப் பொருளடக்கம் வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். தன் கையால் ஒருமுறை செய்தவர் மறக்க மாட்டார்.

312 பக்கக் கோப்போடு வந்தவருக்கு அன்று முழுதும் உட்கார்ந்து ஸ்டைல் போட்டோம். ஸ்பேஸ்களையும் என்டர்களையும் நீக்கி, தலைப்புகளுக்குப் பெயர் கொடுத்து, 47 அட்டவணைகளுக்கும் 20 படங்களுக்கும் கேப்ஷன் வைத்து முடிக்க இரவாகிவிட்டது. முடித்ததும் மார்ஜினை 1.25இலிருந்து 1.5 ஆக அவரையே மாற்றச் சொன்னேன். பிறகு எஃப்9. இயல்கள் தத்தம் பக்கத்தில் நின்றன. பட்டியல்கள் மூன்றும் தாமே திருத்திக்கொண்டன. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இதை நான் சேர்ந்த வருஷமே கொடுத்திருக்கலாமே' என்றார்.

அவருக்குப் பிறகு பதிவு செய்கிறவர்களுக்காவது அது கிடைக்கட்டும். டெம்ப்ளேட் செய்ய உங்களிடம் ஆள் இல்லையென்றால் விதிமுறைத் தாளை மட்டும் அனுப்புங்கள். நான் செய்து தருகிறேன். உங்களில் ஒருவர் என்னோடு இரண்டு நாள் உட்கார்ந்து, அது உங்கள் விதிகளோடு ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி சரிபார்த்தால் போதும்.

அன்புடனும் மரியாதையுடனும்,

ஆய்வேட்டுக் கோப்புகளைச் சீர்செய்து கொடுக்கும் ஒருவர்